மைதாப் பசையும் என் ஓரகத்தியும்

சில வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாட்களில், விருதுநகரில் ஒரு பருப்புக் கிட்டங்கியில், அதாவது குடோனில், நான் சித்தாளாக வேலை பார்த்தபோது நடந்தது இது. முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. எழுதும்போது எதிரில் யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை என்பதால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

எனக்குத் தாயில்பட்டிப் பக்கம் ஒரு ஊர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்கப்புறம் பட்டாசு கம்பெனி வேலைதான். தாள் உருட்டிக் குழாய் செய்வது, ஒட்டுவது. ஒட்டு வேலையில் என் கைக்கு நல்ல பெயர் உண்டு. மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டு, எந்தப் பதத்தில் இறக்கினால் தாள் பிரியாமல் நிற்கும் என்பது எனக்கு அத்துப்படி.

என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனின் மனைவி, ஏழாயிரம்பண்ணைக்காரி. கல்யாணமாகி வந்ததும் அவளை எங்கள் கம்பெனியில் சேர்த்துவிட்டது நான்தான். பசை தொட்டுத் தாளை ஏற்றி ஒட்ட அவள் கையைப் பழக்கியதும் நான்தான். ஒரு சீசன் முடிவதற்குள் கம்பெனியில் எல்லோருக்கும் அவளைத் தெரிந்துவிட்டது. போர்மேன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவளைவிட எத்தனையோ வருடம் முன்னால் சேர்ந்த என்னை, "அந்தா, அந்த அக்கா" என்று கையைக் காட்டுவார். வீட்டிலும் அப்படித்தான். என் மாமியார் அவள் வரும் வரைக்கும் காப்பியைச் சுட வைத்திருப்பார். நான் போனால், "நீ வந்துட்டியா, சத்தமே இல்ல" என்பார். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏதாவது சொல்லிச் சிரித்துக்கொண்டு வருவாள். எனக்கு அது வராது. வராததால் அது எனக்குப் பிடிக்காது.

ஒருநாள் கம்பெனியில் பக்கத்து ரூம் வெடித்தது. பசைக்குத் தண்ணீர் எடுக்க நாங்கள் இரண்டு பேரும் தொட்டிக்குப் போயிருந்ததால் தப்பித்தோம். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத எனக்கு மனசில்லை. அதற்குப் பிறகு அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே போகக் கால் வரவில்லை. அவளுக்கும் அப்படித்தான். ராத்திரி தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பாள் என்று கொழுந்தன் சொல்லுவார். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரி எங்களைக் கட்டட வேலைக்குக் கூப்பிட, இரண்டு பேரும் கிளம்பிவிட்டோம்.

அது புதுக் கட்டடம் இல்லை. பழைய கிட்டங்கியைப் பழுது பார்க்கும் வேலை. கீழே தூண்கள், மேல்மாடியில் கூரை முட்டத் துவரையும் உளுந்தும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. கீழ்த்தளத்துத் தூண்களில் சிமெண்ட் பெயர்ந்து, உள்ளே கம்பி துருப்பிடித்துப் பிதுங்கிக்கொண்டு தெரிந்தது. பக்கத்துக் கிட்டங்கி மிளகாய் வற்றல் வியாபாரம். அந்த நெடியில் தும்மிக்கொண்டே கம்பித் துருவைத் தேய்ப்போம்.

உத்திரத்துக்கு இரும்பு முட்டுக் கொடுத்துவிட்டு, தூணில் இளகிய சிமெண்டை எல்லாம் கொத்தி எடுத்து, புதுக் கம்பி கட்டி, சுற்றிலும் பலகையால் பெட்டி அடிப்பார்கள். பழைய தூணுக்கும் பெட்டிக்கும் நடுவே நான்கு விரல் போகிற இடைவெளிதான் இருக்கும். அதற்குள் கம்பி வேறு. சாதாரண காங்கிரீட்டைச் சட்டியில் அள்ளி மேலே இருந்து கொட்டிக் குத்தினால் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். அதனால் ஒரு தனி காங்கிரீட்டைப் பம்பு வைத்துப் பெட்டியின் அடியிலிருந்து ஏற்றுவார்கள். குத்தவும் வேண்டாம், அதிர்வு கொடுக்கவும் வேண்டாம். தானாக ஓடி, கம்பியைச் சுற்றி, மூலை முடுக்கெல்லாம் நிரம்பி மேலே வரும். முதல் நாள் ஒரு தகரத்தில் கவிழ்த்துக் காட்டினார்கள். ஆப்ப மாவு மாதிரி வட்டமாகப் பரவியது. என் ஓரகத்தி, "இதுக்கு ஒரு தேங்காய்ப்பால் இருந்தா சோலி முடிஞ்சுது" என்றாள். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அதே நினைப்பு எனக்கும்தான் வந்தது. நான் சொல்லவில்லை.

தண்ணீர் மாதிரி ஓடுகிற சரக்கு என்பதால், பெட்டியில் ஊசி போகிற சந்து இருந்தாலும் சிமெண்ட் பால் எல்லாம் ஒழுகிவிடும். அந்தச் சந்துகளை அடைப்பதுதான் எங்கள் இரண்டு பேர் வேலை. பலகை சேரும் இடமெல்லாம் ஸ்பாஞ்சு பட்டை வைத்து, மேலே புட்டி பூச வேண்டும். முதல் தூண் பெட்டியை நான் ஒருத்தியாகவே அடைத்தேன். பம்பு போட்டபோது ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகாத வேலையை யார் நின்று பார்ப்பார்கள்? பெட்டியைப் பிரித்ததும் எல்லோரும் தூணைத் தடவிப் பார்த்து, "கண்ணாடி கணக்கா இருக்கு" என்று பம்பு ஆபரேட்டருக்குக் கை கொடுத்தார்கள்.

அந்த வாரத்தில்தான் சைட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சார் அந்த விஷயத்தைச் சொன்னார். அவர் கோயம்புத்தூர்க்காரர், சின்ன வயசு. இங்கே முடிந்ததும் அவர்கள் கம்பெனிக்கு வேறு ஊர்களில் இதே மாதிரி பழுது வேலைகள் வரிசையாக இருக்கிறதாம். வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிவருவார்களாம். ஆனால் வேனில் ஒரு பெண்ணாளுக்குத்தான் இடம். "வேலை முடியறப்ப சொல்றேன்" என்றார்.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது இரண்டு பேருக்கும் அதே நினைப்புதான். இடம் கிடைக்காதவள் என்ன ஆவாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? மறுபடியும் அந்தக் கேட்டுக்குள்தான் போக வேண்டும். எனக்கு ஒரே எண்ணம்தான் ஓடியது: அவளுக்குத்தான் கிடைக்கும். நான் எவ்வளவு நன்றாக அடைத்தாலும், சார் கண்ணுக்கு அவள்தான் தெரிவாள்.

இரண்டாவது தூணுக்குப் பெட்டி அடித்துக்கொண்டிருந்த காலையில் புட்டி தீர்ந்துபோனது. மதுரையிலிருந்து வாங்கிவருகிறேன் என்று சார் கிளம்பத் தயாரானார். அந்த நிமிஷமே எனக்கு மைதாப் பசை ஞாபகம் வந்துவிட்டது. சிவகாசிப் பிரஸ்ஸில் கழித்துப் போடும் கெட்டித் தாளை வாங்கி, பசையில் நனைத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் இந்த வெயிலுக்குப் பலகையைவிடக் கெட்டியாகிவிடும். சாரிடம் சொல்ல எழுந்தே விட்டேன். அவர் திரும்பி, "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்ல சார்" என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் போய்விட்டார்.

சாயங்காலம் சாரிடமிருந்து மேஸ்திரிக்கு போன் வந்தது. புட்டி இன்றைக்குக் கிடைக்கவில்லை, நாளை மறுநாள்தான் வருமாம். பம்போ மறுநாள் காலையில் வந்துவிடும். மேஸ்திரி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அப்போது என் ஓரகத்தி சொன்னாள்:

"எதுக்கு மாமா இம்புட்டு யோசனை பண்ணுதீக? மைதாவைக் காய்ச்சித் தாள் ஒட்டுனா கல்லு கணக்கா நிக்கும். எங்க கம்பெனியில வெடியையே அதுக்குள்ளதான அடக்கி வைக்கோம்."

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்து, "ஏத்தா, உனக்கு எந்த ஊரு மூளைத்தா?" என்றார்.

எனக்குக் காது மடல் வரை சூடேறியது. அது என் யோசனை. காலையிலிருந்து நான் வாய்க்குள் வைத்திருந்தது. அந்தப் பதத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான். அவள் திருடினாள் என்று சொல்ல முடியாது, நான் யாரிடமும் சொல்லவே இல்லையே. சொல்ல முடியாததால் இன்னும் அதிகமாக எரிந்தது.

பக்கத்து டீக்கடை அடுப்பில் பசை காய்ச்சினாள். எனக்கு வேலை, மேஸ்திரி ஆள் விட்டு வாங்கிவந்த தாளைக் கிழித்துக் கொடுப்பது. என்னிடம் கற்றுக்கொண்ட கை, என் கண் முன்னால், என்னைப் போலவே ஒட்டிக்கொண்டு போனது. பசை மிஞ்சியதால் அடுத்த தூணின் பெட்டியிலும் பாதி வரை ஒட்டினாள். முடித்துவிட்டு, "சரியா இருக்காக்கா?" என்று என்னைத்தான் கேட்டாள். ஒரு குறை சொல்லிவிடலாம் என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். குறை ஒன்றும் இல்லை. "இருக்கு" என்றேன்.

மறுநாள் காலையில் அது காய்ந்து பலகையோடு பலகையாகிவிட்டது. மேஸ்திரி சுத்தியல் காம்பால் தட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். அப்புறம் வழக்கம்போலப் பழைய தூண் நனையட்டும் என்று மேலே இருந்து ஓஸை விட்டுப் பெட்டிக்குள் தண்ணீர் அடித்தார்கள். பழைய சிமெண்ட் காய்ந்து கிடந்தால் புதுசில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் எல்லாப் பெட்டிக்கும் அப்படிச் செய்வதுதான். அடியில் ஓட்டை வழியாகத் தண்ணீர் வடிந்தது. பட்டாசுக் குழாயை எந்தக் காலத்திலும் யாரும் நனைத்ததில்லை. நனைந்தால் அந்த ஒட்டு என்னவாகும் என்று நினைக்க வேண்டிய அவசியமே எங்களுக்கு வந்ததில்லை. எனக்கும் அந்த நேரம் அது தோன்றவில்லை. வெளியே தாள் வெயிலில் விறைப்பாகத்தான் தெரிந்தது.

சார் வந்தபோது பம்பு ஆள் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். சார் ஒட்டை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "என்ன போட்டீங்க?" என்றார். "நம்ம ஊருச் சரக்கு சார்" என்றார் மேஸ்திரி. சாருக்கு அப்போது ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே, ஆரம்பிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

பம்பு ஓட ஆரம்பித்தது. அடியில் மாட்டிய ஓஸ் பாம்பு மாதிரி துள்ளியது. மேஸ்திரி பலகையைத் தட்டித் தட்டி, சத்தத்தை வைத்து எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. என் ஓரகத்தி ஒரு மூலையில் நின்றாள், நான் எதிர் மூலையில். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் எனக்கு முதலில் தெரிந்தது. அடித்தாள் ஒரு இடத்தில் கொப்புளம் மாதிரி உப்பியது. உள்ளே பசை கூழாகியிருக்கிறது.

வாயைத் திறப்பதற்குள் அவள் பக்கம் பிய்த்துக்கொண்டு அடித்தது. சாம்பல் நிறத்தில் அவள் சேலையெல்லாம் தெறித்தது. பம்பு ஆள் நிறுத்தப் போனான். சார் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டே ஓடிவந்து, "நிறுத்தாத, மெதுவா ஓட்டு" என்றார். பாதியில் நிறுத்தினால் உள்ளே இறுகி, மேலும் கீழும் ஒட்டாமல் தூண் இரண்டு துண்டாகிவிடும். அப்புறம் முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். தலைக்கு மேலே மூட்டை அடுக்கு. வெறும் முட்டில் எத்தனை நாள் நிற்கும்?

மேஸ்திரி சட்டென்று இறுகும் சிமெண்டைப் பிசைந்து கொண்டுவர ஓடினார். என் ஓரகத்தி ஈரச் சாக்கை மடித்து ஒழுகும் இடத்தில் வைத்து, முதுகைக் கொடுத்து அழுத்தினாள். நான் என் பக்கத்துக் கொப்புளத்தைக் கையால் பொத்தினேன். அடுத்து எங்கே பிரியும் என்று எனக்குத் தெரியும். தாளின் நுனியை எந்த இடத்தில் ஏற்றி ஒட்டுவாள் என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தானே. "ஏத்தா, உனக்கு இடது பக்கம், முழங்காலுக்கு மேல பிடி" என்று கத்தினேன். என் குரல் எனக்கே யாரோ கத்துவது மாதிரி கேட்டது. அவள் மறுபேச்சுப் பேசாமல் அங்கே கையை வைத்தாள். அங்கேதான் பிரிந்தது.

நழுவி நழுவி, கடைசியில் இரண்டு பேரும் ஒரே மூலையில் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். முகத்தில் சிமெண்ட் வழிய, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, அத்தை மட்டும் இப்பப் பாத்தாகன்னா மயங்கி விளுந்துருவாக. நம்ம ரெண்டு பேரும் ஒருநாளாச்சும் இப்படி ஒட்டி நின்னுருக்கோமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்திலும் வேடிக்கையாகப் பேச அவளுக்கு முடிகிறதே என்று பொறாமையும் வந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தது.

மேஸ்திரி சிமெண்டை அப்பி, மேலே பலகை வைத்து ஆப்பு அடித்தார். உச்சியில் இருந்த ஓட்டையில் காங்கிரீட் எட்டிப் பார்த்தது. வால்வை மூடினார்கள். பம்பு நின்றது. எங்கள் உள்ளங்கைத் தோல் வெந்து வெளுத்திருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது சார் வந்தார். கிழிந்து தொங்கிய தாளைக் கையில் வைத்திருந்தார்.

"இது யாரு வேலை?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன். வேனில் யாருக்கு இடம் என்பது அந்த இடத்தில் முடிவாகப் போகிறது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா நின்றாலே போதும். சும்மா நிற்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

"நான்தான் சார்," என்றாள் அவள். "மைதாப் பசை. மாமா மேல தப்பு இல்ல, நான்தான் சொன்னேன். இந்தப் பெட்டி பூரா அதுதான். மூணாவது பெட்டியிலயும் பாதி ஒட்டியிருக்கேன், அதையும் பிச்சிரணும்."

மூன்றாவது பெட்டியைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. அவளாகச் சொன்னாள். குரல் சரியாக இருந்தது. இவ்வளவு பேர் முன்னால் ஒரு தப்பைக்கூட இவளால் இப்படி நிமிர்ந்து சொல்ல முடிகிறதே என்று என் வயிறு எரிந்தது. அவள் சிரிப்பை, பேச்சை, மாமியார் வீட்டுக் காப்பியைப் பார்த்து எரிந்ததைவிட அதிகமாக எரிந்தது. அந்த எரிச்சலில்தான் என் வாய் திறந்தது.

"அந்த யோசனை எனக்கும் இருந்துச்சு சார். அவளுக்கு முன்னாடியே. நேத்துக் காலையில உங்ககிட்ட சொல்ல வந்தேன்."

நல்ல மனசால் அவளுக்காகப் பேசினேன் என்று அங்கே இருந்தவர்கள் நினைத்தார்கள். மேஸ்திரி இன்றைக்கும் அப்படித்தான் சொல்லுகிறார். அப்படி இல்லை. தப்பில்கூட அவள் மட்டும் முன்னால் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான்.

சார் என் பக்கம் திரும்பினார். "'ஒண்ணுமில்ல சார்'னு உக்காந்தீங்களே, அப்பவா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். "அப்பவே சொல்லியிருந்தா, உள்ள தண்ணி அடிப்போம், நிக்காதுன்னு சொல்லியிருப்பேனேம்மா. அதோட முடிஞ்சிருக்கும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அந்தச் சிமெண்டைவிட அது காந்தியது. சொல்லாமல் இருப்பதால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கூச்சம் என்பது என்னோடு போகிற விஷயம், என் நஷ்டம் எனக்கு, அவ்வளவுதான் என்று இருந்தேன்.

பெட்டியைப் பிரித்துப் பார்த்ததில் தூண் தப்பித்தது. அடியில் ஒரு பக்கம் மட்டும் பால் ஒழுகிப்போய்ச் சல்லி தெரிந்தது. அந்த இடத்தைக் கொத்தி மறுபடி பூசினார்கள். மீதித் தூண்களைப் புட்டி வந்த பிறகே முடித்தோம்.

வேலை முடிந்த அன்று சார் அவளைத்தான் கூப்பிட்டார். "தப்பு நடந்தா உடனே எனக்குத் தெரியணும். இவங்க சொல்லிடுவாங்க" என்று மேஸ்திரியிடம் காரணம் சொன்னாராம். அது சரிதான் என்று எனக்கே தெரியும். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி, ஊர் வரும் வரை அழுதேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு பக்கம் பார்ப்பதுபோல இருந்தாள்.

நான் பட்டாசு கம்பெனிக்குத் திரும்பிப் போகவில்லை. அந்தக் கிட்டங்கி முதலாளிக்கு ஒரு பருப்பு ஆலை இருக்கிறது. "எங்கக்கா கை வேலைன்னா குறை கண்டுபிடிக்க முடியாது முதலாளி" என்று அவரிடம் போய் நின்று, எனக்கு அங்கே வேலை கேட்டு வாங்கியது என் ஓரகத்திதான். என்னிடம் கேட்காமலே போயிருக்கிறாள். எனக்காகவும் அந்த வாய்தான் பேச வேண்டியிருந்தது என்று அன்றைக்கு அதுவும் பிடிக்கவில்லை. ஆனால் மறுநாளே வேலைக்குப் போனேன்.

இப்போது காலையில் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டுவாள். நானும் காட்டுவேன். உள்ளே எரிகிறதா என்றால், எரிகிறது, பொய் சொல்லமாட்டேன். ஆலையில் மூட்டையில் வண்டு இருந்தாலோ, தராசில் எடை குறைந்தாலோ, இப்போதெல்லாம் உடனே போய்ச் சொல்லிவிடுகிறேன். சொல்லுமுன் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது.

ஆனாலும் ஒன்று மட்டும் விடாமல் மனசில் வந்து நிற்கிறது: அன்று சாயங்காலம் நான் முந்திக்கொண்டு மேஸ்திரியிடம் சொல்லி, நான் ஆசைப்பட்ட அந்தப் பாராட்டு எனக்கே கிடைத்து, அந்தப் பெட்டி என் ஒட்டில் பிய்த்துக்கொண்டிருந்தால், கேட்காத மூன்றாவது பெட்டியையும் சேர்த்து "நான்தான் சார்" என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்குமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.